ஒன்றரை விரல்

எங்கள் அத்தை அம்பு எறிந்தால் பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். ஒருமுறை அவள் எறிந்த அம்பு பலகையைத் துளைத்து, சுவரைத் துளைத்து, அடுத்த வீட்டுக்காரர் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்த பல்லிடுக்கில் புகுந்து, அங்கே நாலு நாளாகச் சிக்கியிருந்த நாரை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் திரும்பி அத்தை கைக்கே வந்தது. இதில் பாதி பொய் என்று நீங்கள் நினைத்தால் தவறு. முழுக்கப் பொய். அடுத்த வீட்டுக்காரருக்குப் பல்லே கிடையாது.

அத்தைக்காகப் பொய் சொல்வது எனக்குப் பழக்கம். அத்தையிடம் பொய் சொல்வதுதான் வராது. எங்கள் வீட்டில் என் பெயர் வாலு. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினால் அம்மா காப்பி குடிப்பதற்கு முன்பே அத்தை டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன கனமா இருக்கு" என்பாள். அப்பாவின் செருப்பில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தால் அத்தை வாசலைக் கடக்கும்போதே, "அதை எடுத்துடு, அவனுக்கு ஏற்கெனவே சளி" என்பாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. என்ன காரணம் என்று வாத்தியாருக்கே கடைசிவரை சரியாகத் தெரியாது. அத்தைக்கு அன்று சாயங்காலமே தெரியும்.

அவள் அப்பாவின் அக்கா. லிஃப்ட் மெக்கானிக். முதலில் அந்தக் கம்பெனியில் தொலைபேசி எடுக்கத்தான் சேர்ந்தாள். "லிஃப்ட் நின்னுபோச்சு" என்று அழைப்பு வரும், எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் மெக்கானிக் சவரக் கடையில் பாதி முகம் சோப்போடு உட்கார்ந்திருந்தார், எழுந்து வரமாட்டேன் என்றுவிட்டார். அத்தை அவர் சாவியை வாங்கிக்கொண்டு தானே போனாள். அடுத்த மாதம் கருவிப் பையையும் கேட்டு வாங்கிவிட்டாள். சில வருடங்களில் அவளுடைய இடது மோதிர விரலின் நுனியை ஒரு லிஃப்ட் கதவு வாங்கிக்கொண்டது. "மோதிரம் போட ஆளே வரல, இவளுக்கு எதுக்கு முழு விரலுன்னு கதவு நெனச்சிருக்கும்" என்பாள்.

சிக்கிக்கொண்ட லிஃப்டுக்கு முன்னால் அத்தையைப் பார்க்க வேண்டும். வேலையை விரல்கள் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் கதவிடுக்கில் இருக்கும். "உள்ள எத்தனை பேரு? யாருக்காவது யார்கூடவாவது சண்டை இருக்கா? இருந்தா இப்பவே முடிச்சிடுங்க. கதவு திறந்துட்டா ஆளாளுக்கு வேலை வந்துடும்." உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வருவார்கள்.

சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறினாலும், கதவு திறந்ததும் அத்தை கேட்பாள்: "எவ்வளவு?" லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நின்றால் யாராவது தடுக்கி விழுவார்கள். எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நான் பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். "அரை விரல் மேலே." அத்தை குனிந்து விரலைப் படுக்கப் போட்டு அளப்பாள். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பரிசு.

டார்ட்ஸ் வந்தது கம்பெனியின் ஓய்வறையில். வட்டப் பலகையில் பேனா நீள அம்புகளை எறிகிற ஆட்டம். ஐந்நூற்றொன்றில் தொடங்கி, அம்பு விழுகிற எண்ணையெல்லாம் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். பலகைக்குள் மெல்லிய வளையம் ஒன்று உண்டு, அதில் விழுந்தால் எண் மூன்று மடங்கு. ஓரத்தில் இன்னொரு வளையம், இரண்டு மடங்கு. முடிக்கிற கடைசி அம்பு அந்த ஓர வளையத்தில்தான் விழ வேண்டும். அதன் அகலம் ஒரு சுண்டுவிரல் நகம். ஆண்கள் எறிவார்கள், அத்தை கையில் எழுதுகோலைக் கொடுத்து எண் எழுதச் சொல்வார்கள். அவளும் முணுமுணுக்காமல் எழுதினாள். பிறகு ஒரு நாள் ஆள் குறைந்தது. அவள் எழுதுகோலை வைத்துவிட்டு எறிந்தாள். அதற்கப்புறம் எழுதுகோலை வேறு யாராவதுதான் எடுக்க வேண்டியிருந்தது.

புது மேலாளர் வந்து ஓய்வறையைப் பிரிண்டர் வைக்கிற அறையாக மாற்றினார். அத்தை பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, டேப்பால் அளந்து, நடைவழியின் கோடியில் தன் கையால் மாட்டினாள். தரையிலிருந்து பலகையின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே கணக்கு. அத்தை அந்தக் கணக்குக்கு இம்மி பிசகாமல் மாட்டினாள்.

இந்த வருடம் நகரப் போட்டியில் ஜெயித்து வந்தாள். அடுத்தது தொழில்முறைத் தகுதிப் போட்டி. அதில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஆட்டக்காரர் அட்டை கிடைக்கும், ஒரு வருடம் ஊர் ஊராகப் போய்ப் பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடலாம். கம்பெனியும் சம்பளமில்லாத விடுப்பு தருவதாகச் சொல்லியிருந்தது. கிடைக்காவிட்டால்? வயது காரணமாக அத்தையைக் கயிறும் சாவியும் இல்லாத இடத்துக்கு மாற்றப் போகிறார்கள். அதாவது, எந்தத் தொலைபேசி மேஜையிலிருந்து எழுந்து போனாளோ அதே மேஜைக்கு.

"அந்த போனை எடுத்து எடுத்து எனக்கு ஒரு பக்கக் காது தேஞ்சுபோச்சு. இன்னொரு காதையாவது காப்பாத்தணும்" என்றாள் அத்தை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன். அட்டையைக் கெடுப்பதற்காக இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சாயங்காலம், அத்தையின் கண்ணை ஏமாற்ற வேண்டும். அவ்வளவுதான். அவள் வேலைக்குப் போயிருந்தபோது பலகையைக் கழற்றினேன். கொக்கியை எடுத்து ஒன்றரை விரல் மேலே புது ஓட்டை போட்டு மாட்டினேன். பழைய ஓட்டையைப் பற்பசையால் அடைத்துத் தேய்த்தேன். பலகை மறைத்துக்கொண்டது. அவள் முதல் அம்பிலேயே கண்டுபிடித்து, என் காதைத் திருகி, "ஒன்றரை, சரியா?" என்று கேட்பாள் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அதற்காகத்தான் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் வந்தாள், எறிந்தாள். அம்புகள் எல்லாம் வளையத்துக்குக் கீழே விழுந்தன. மறுபடி எறிந்தாள். கீழே. பலகையைப் பார்க்கவில்லை. தன் தோளைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர் மாட்டியதை எல்லாம் சந்தேகப்படுகிற அத்தை, தன் கையால் அளந்து மாட்டியதை மறுபடி அளக்க மாட்டாள். அது அவள் தொழிலின் கர்வம். அந்த ஒரே சந்துக்குள் நான் புகுந்துவிட்டேன்.

"தோள் இறங்கிப்போச்சுடா தம்பி" என்றாள் அப்பாவிடம்.

"வயசாகுதுக்கா. பேசாம விட்டுடேன்" என்றார் அப்பா.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து "அது நான்தான்" என்று சொல்ல வேண்டிய இடம் அது. என் வாய், மற்ற நேரமெல்லாம் ஊரையே விற்கிற வாய், பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு அவள் தைலம் வாங்கி வந்தாள். வீடே தைல வாசனை. அதற்கு மறுநாள் அப்பாவைத் தோளை அமுக்கச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் உண்மையின் விலை ஏறிக்கொண்டே போனது.

பிறகு இன்னும் மோசமான ஒன்று நடந்தது. தோள் குணமாகிவிட்டது. அத்தையின் கை தானாகவே ஒன்றரை விரல் மேலே எறியக் கற்றுக்கொண்டது. அம்புகள் வளையத்தில் போய் வரிசையாகக் குத்தின. "பாத்தியாடி, தைலம் வேலை செய்யுது" என்று சிரித்தாள். இப்போது பலகையை இறக்கினால் கை மறுபடி தவறும். இறக்காவிட்டால் போட்டியில் தவறும். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. நடு மாடியில் நின்ற லிஃப்டுக்குள் நான். வெளியே நின்று பேச்சுக் கொடுக்கிற ஆளிடம் மட்டும் சொல்லக் கூடாது.

இடையில் அம்மா ஒரு நாள் நடைவழியில் நின்று சுவரைப் பார்த்தாள். "அண்ணி, இங்க நின்னு ஏதாவது தின்னுக்கிட்டே ஆடுறீங்களா? எறும்பு வரிசையா மேல போகுது."

"நான் எதுக்குத் தின்னப்போறேன்" என்றாள் அத்தை. நான் ஓடிப்போய் ஈரத் துணியால் துடைத்தேன். நான் ஒரு துணியை எடுத்துத் தானாகத் துடைத்ததை அம்மா அதிசயமாகப் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள் போலிருந்தது.

போட்டிக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். அங்கேயும் என்னைப் போல ஒருத்தி இருந்து அந்தப் பலகையையும் ஒன்றரை விரல் ஏற்றி வைத்திருப்பாள் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். பஸ் தாமதம். பெரிய மண்டபம், தரை முழுக்கக் கம்பளம், வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கு. பழகிப் பார்க்க அத்தைக்குச் சில எறிகள்தான் கிடைத்தன. எல்லாம் மேலே போயின.

"புது இடம், கை பதறுது" என்றாள்.

எதிராளி ரொட்டிக் கடைக்காரர். தாட்டியான உருவம், முழங்கை வரை பழைய அடுப்புச் சூட்டுத் தழும்புகள். அத்தைக்கு மரியாதையாகக் கை கொடுத்தார். ஐந்நூற்றொன்றை முதலில் முடிப்பவருக்கு ஒரு சுற்று, ஐந்து சுற்று முதலில் ஜெயிப்பவருக்கு அட்டை.

அத்தை எறிகிற கோட்டில் நின்றாள். எறிவதற்கு முன்னால் காலணியின் நுனியால் தரையை ஒரு முறை தட்டிப் பார்ப்பாள், லிஃப்டுக்குள் கால் வைப்பது போல. எறிந்தாள். அறுபது விழ வேண்டிய இடத்தில் இருபது. அம்பு வளையத்துக்கு மேலே, சரியாக ஒன்றரை விரல் மேலே. அடுத்ததும். அதற்கடுத்ததும். கூட்டமாகக் குத்தி நின்ற அம்புகளைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், அது பதறுகிற கை இல்லை. துல்லியமாகத் தவறான இடத்துக்குப் பழக்கிவிட்ட கை. பழக்கியவள் மூன்றாம் வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்று போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் அத்தை தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதுவும் போனது.

அந்தத் தோளை அவள் தொட்டதைப் பார்த்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன. நேராக நடுவரிடம் போனேன். ஒல்லியான மனிதர், கழுத்தில் அடையாள அட்டை.

"சார், இந்தப் பலகை தாழ்வா இருக்கு."

"நீ யாரும்மா?"

"பாக்க வந்தவ."

"பாக்க வந்தா பாரு. புகார் இருந்தா ஆடுறவங்க சொல்லணும்."

"அவங்க சொல்ல மாட்டாங்க சார். தன் தோளைத்தான் குத்தம் சொல்வாங்க. ஒன்றரை விரல் தாழ்வா இருக்கு, அளந்து பாருங்க."

மண்டபத்தில் பக்கத்துப் பலகைக்காரர்கள் திரும்பினார்கள். ரொட்டிக்காரர் சிரித்தார். "அளந்துடுங்க சார். இல்லன்னா இந்தப் பொண்ணு இன்னைக்குத் தூங்காது. நானும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்."

நடுவர் பெருமூச்சோடு அளவுகோலைக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக் குனிந்தார். இரண்டு முறை பார்த்தார்.

"மயிரிழைகூட வித்தியாசம் இல்ல. போய் உக்காரு."

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்கும்போது பார்ப்பாளே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அப்படி. பிறகு நடுவரிடம் தண்ணீர் குடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தண்ணீர் மேஜை என் பக்கத்தில்தான் இருந்தது. குடித்தாள். டம்ளரை வைத்தாள்.

திரும்பிப் போய் எறிந்தாள். முதல் அம்பு வளையத்தின் மேல் விளிம்பில். இரண்டாவது நடுவில். மூன்றாவது அதை உரசிக்கொண்டு. ரொட்டிக்காரர் மூச்சு வாங்குவதை நிறுத்தினார்.

அத்தை ஒரு சுற்று ஜெயித்தாள். இன்னொன்று. அவர் ஒன்று எடுத்தார். அத்தை மறுபடி இரண்டு. நாலுக்கு நாலு. மண்டபத்தில் பாதிப் பேர் எங்கள் பலகைக்கு வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் என் தோளில் தட்டி, "உங்க அம்மாவா?" என்று கேட்டார். "அத்தை" என்றேன். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சுற்று. அத்தைக்கு மீதி நாற்பது. இருபதின் ஓர வளையத்தில் ஒரு அம்பு, அவ்வளவுதான், அட்டை. பலகையின் உச்சியில் சுண்டுவிரல் நகம் அகலத்தில் இருக்கிறது அந்த ஒரு வருடம். காலணியால் தரையைத் தட்டினாள். எறிந்தாள்.

அம்பு ஓர வளையத்தின் கம்பிக்குச் சற்றுக் கீழே குத்தியது. மேலே போய்விடக் கூடாது என்று கை பயந்து கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது. வெறும் இருபது. மீதி இருபதுக்குப் பத்தின் ஓர வளையம் வேண்டும். இரண்டாவது அம்பு கம்பியில் பட்டுத் தெறித்துக் கம்பளத்தில் விழுந்தது. மூன்றாவது வெளியே.

ரொட்டிக்காரர் வந்தார், முடித்தார். முடித்துவிட்டு ஏதோ தப்புச் செய்தவர் போல அத்தையிடம் போய், "அந்த முதல் மூணு சுத்து மட்டும் இல்லன்னா அட்டை உங்களுக்குத்தான்" என்றார்.

அந்த முதல் மூன்று சுற்றும் என்னுடையவை. கடைசி அம்பும் என்னுடையதுதான். நான் போய் மூக்கை நுழைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கை அவ்வளவு கீழே பயந்திருக்காது. ஏற்றியதும் நான், இறக்கியதும் நான். அத்தை நடுவில் நின்று எறிந்தாள், அவ்வளவுதான்.

இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் உடனே வீட்டுக்குப் போக முடியாது. அதே பலகையில் நடக்கும் அடுத்த ஆட்டத்துக்கு அவர்தான் எண் எழுத வேண்டும். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவார்கள். சிலர் நழுவிவிடுவார்கள். அத்தை எழுதுகோலை வாங்கிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நுனியில்லாத விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ இரண்டு பேர், இன்றுதான் முதல்முறை பார்க்கிறவர்கள், அவளுக்குக் கிடைக்காத அட்டைக்காக எறிந்தார்கள். அவள் கழித்துக் கழித்து எழுதினாள். ஒருவர் முடித்ததும் அவருக்குக் கை கொடுத்து, "நல்லா ஆடுனீங்க" என்றாள். பல வருடம் முன்பு ஓய்வறையில் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குக் கண்ணால் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்புப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ரொட்டிக்காரர் கொடுத்தனுப்பிய பன்னில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

"பசிக்கல" என்றேன்.

"உனக்கா? எனக்குத் தோள் போனப்பகூட உன் பசி போகல" என்றாள்.

சாப்பிட்டேன். விழுங்குவதற்குள் ஒரு யுகம். "அத்தை, அந்த போன் மேஜை..." என்று ஆரம்பித்தேன்.

"ஜன்னல் பக்கமா மாத்திப் போடச் சொல்லணும்" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தைல வாசனை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்." இது சரியில்லை. "அத்தை, பலகை..." இதுவும் சரியில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் தலை நழுவியது, நான் கையால் தாங்கித் தாங்கி நிமிர்த்தினேன். அந்த ஒரு வேலையைத்தான் அன்று நான் ஒழுங்காகச் செய்தேன்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேறு கம்பெனி மாட்டியது. அது பழுதாகும்போதெல்லாம் அத்தைக்குள் ஒரு தனி சந்தோஷம் வரும். ஏறினோம். முக்கிக்கொண்டு போய் எங்கள் மாடியில் நின்றது. கதவு திறந்தது. லிஃப்டின் தரை மாடியின் தரையை விட உயரமாக, படிக்கட்டு போல நின்றது.

அத்தை இறங்கவில்லை. கதவு மூடாமல் இருக்கக் காலணியை இடையில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு?" என்றாள்.

எத்தனை வருடப் பழக்கம். குனிந்து பார்க்கக்கூட இல்லை. "ஒரு விரல் மேலே."

அத்தை குனிந்து விரலைப் படுக்கப் போட்டு அளந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி.

"நம்ம வீட்டுப் பலகை?"

"ஒன்றரை" என்றது என் வாய். நான் பின்னால்தான் வந்து சேர்ந்தேன்.

கதவு மூடப் பார்த்தது, அவள் காலில் இடித்தது, மறுபடி திறந்தது. அத்தை நிமிர்ந்து அம்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பழைய ஓட்டையை எதால அடைச்ச?"

"டூத்பேஸ்ட்."

"அதான் எறும்பு" என்றாள் அத்தை.